பருப்பு வேகவில்லையா, டீ கறுக்கிறதா? தண்ணீரில் கரைந்திருப்பதைக் கண்டுபிடிக்கும் வழி

தண்ணீர் பரிசோதனைக் கூடத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கையில் ஒரு பாட்டிலோடும் வாயில் ஒரு எண்ணோடும் வருவார்கள். "சார், எங்க வீட்டு போர் தண்ணி டி.டி.எஸ். ஆயிரத்து நூறு காட்டுது. குடிக்கலாமா?" நான் உடனே பதில் சொல்வதில்லை. டீ போட்டால் என்ன நிறம் வருகிறது, குளிக்கிற சோப்பு நுரைக்கிறதா, சோறு வெள்ளையாக இருக்கிறதா என்று திருப்பிக் கேட்பேன். தண்ணீரைப் பற்றிக் கேட்டால் இவன் சமையலைப் பற்றிக் கேட்கிறானே என்று சிலர் முகம் சுளிப்பதும் உண்டு. ஆனால் அந்த எண்ணைவிடச் சமையலறைதான் எனக்கு அதிகம் சொல்லும்.

## முதலில் அந்தப் பேனாவை ஓரமாக வையுங்கள்

டி.டி.எஸ். என்பது தண்ணீரில் கரைந்திருக்கும் திடப்பொருள்களின் மொத்த அளவு. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் பேனா மீட்டர் அதை நேரடியாக அளப்பதில்லை. தண்ணீர் வழியாக மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்று பார்த்து, அதை ஒரு எண்ணால் பெருக்கிக் காட்டுகிறது, அவ்வளவுதான். மின்சாரத்தைக் கடத்தாத பொருள் எதுவும் அதன் கண்ணில் படாது.

நம்பிக்கை வரவில்லை என்றால் வீட்டிலேயே செய்து பாருங்கள். 200 மி.லி. டம்ளர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சர்க்கரையைக் கரையுங்கள். அது சுமார் 5 கிராம். லிட்டருக்குக் கணக்குப் போட்டால் 25,000 மி.கி. பேனாவை விட்டுப் பார்த்தால் பழைய எண்ணே ஏறக்குறைய அப்படியே நிற்கும். இன்னொரு டம்ளரில் விரல் நுனியில் ஒட்டுகிற அளவு உப்பு போடுங்கள். கால் கிராம்கூட இருக்காது, ஆனால் எண் ஐந்நூறு, ஆயிரம் என்று எகிறும். பேனா உப்பைப் பார்க்கும், சர்க்கரையைப் பார்க்காது. பூச்சிக்கொல்லியையும் கிருமியையும் பார்க்காது. ஃப்ளோரைடையும் ஈயத்தையும் மொத்தக் கூட்டத்தில் ஒரு தலையாக எண்ணுமே தவிர, தனியாகப் பெயர் சொல்லாது.

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரம் ஐ.எஸ். 10500. அதில் டி.டி.எஸ்.ஸுக்கு ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 500 மி.கி.; வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 2,000 வரை போகலாம் என்று இருக்கிறது. ஆயிரத்து நூறுக்கு என் பதில் இதனால்தான் இழுக்கிறது: அந்த ஆயிரத்து நூறும் சுண்ணாம்பும் சாதா உப்புமாக இருந்தால் ஒரு கதை, அதற்குள் நைட்ரேட் நூறு இருந்தால் வேறு கதை.

போகிற போக்கில் இன்னொன்று. என் சித்தி வீட்டுக்கு ஒருநாள் வடிகட்டி விற்கும் பையன் வந்தான். இரண்டு டம்ளர், ஒன்றில் குழாய்த் தண்ணீர், மற்றதில் அவன் இயந்திரத்துத் தண்ணீர். இரண்டிலும் உலோகக் கம்பிகள் உள்ள ஒரு கருவியை வைத்து மின்சாரத்தைப் போட்டான். குழாய்த் தண்ணீர் ஒரு நிமிடத்தில் பழுப்பாகிச் சேறு போலத் திரண்டது. "இதைத்தான் இவ்வளவு நாளா குடிச்சிட்டு இருக்கீங்க ஆன்ட்டி" என்றான். சித்தி வெலவெலத்துப் போனார். நான் அடுக்களைக்குப் போய் ஒரு சிட்டிகை உப்பு எடுத்து வந்து, "தம்பி, இதை உன் தண்ணியில போட்டு மறுபடி போடு" என்றேன். கொஞ்சம் தயங்கிவிட்டுப் போட்டான். அதுவும் அதே பழுப்பு, அதே சேறு. அந்தச் சேறு தண்ணீரில் இருந்ததில்லை. இரும்புக் கம்பி கரைந்து வந்தது. தண்ணீரில் உப்பு இருந்தால் மின்சாரம் ஓடும், கம்பி அரிக்கும். உப்பில்லாத தண்ணீரில் ஓடாது, அரிக்காது. உங்கள் வீட்டுக்கும் யாராவது இந்த வித்தையோடு வந்தால் உப்பு டப்பாவைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, அறிகுறிகளுக்கு வருவோம். எந்த அறிகுறியானாலும் முதலில் மூன்று விஷயங்களைப் பார்த்துவிடுங்கள். எல்லாக் குழாயிலும் வருகிறதா, ஒன்றில் மட்டுமா? வெந்நீரில் மட்டுமா, பச்சைத் தண்ணீரிலுமா? பிடித்த உடனேயா, வைத்திருந்த பிறகா? பாதிக் குழப்பம் இங்கேயே தீர்ந்துவிடும்.

## பாத்திரத்தில் வெள்ளைப் பொருக்கு, நுரைக்காத சோப்பு, வேகாத பருப்பு

இந்த மூன்று புகாரும் பெரும்பாலும் ஒரே வீட்டிலிருந்து வரும். காரணம் கால்சியமும் மக்னீசியமும். இவை அதிகமாகக் கரைந்த தண்ணீரைத்தான் கடின நீர் என்கிறோம். மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது அங்குள்ள கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. அந்த அமிலம் சுண்ணாம்புள்ள பாறையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டு கீழே போகிறது. நாம் அதை மேலே இழுத்து அடுப்பில் வைத்ததும் வாயு ஓடிவிடுகிறது. கரைந்திருந்த சுண்ணாம்பு மறுபடி கல்லாகிறது. கெட்டில் அடியில் நீங்கள் சுரண்டுவது ஒரு சின்னப் பாறை.

சோதித்துப் பார்க்க ஒரு காலி பாட்டில் போதும். கால் பங்கு தண்ணீர் ஊற்றி, குளிக்கிற சோப்பிலிருந்து நகக்கண் அளவு சீவிப் போட்டுக் குலுக்குங்கள். ஷாம்புவும் சலவைத் தூளும் வேண்டாம். அவை கடின நீரிலும் ஓரளவு நுரைத்து ஏமாற்றிவிடும். பக்கத்தில் மழைநீரிலோ கேன் தண்ணீரிலோ அதையே செய்யுங்கள். நல்ல தண்ணீரில் நுரை தலை வரை ஏறி நிற்கும். கடின நீரில் நுரைக்குப் பதிலாகத் தயிர் திரிந்தாற்போல் வெள்ளைத் துணுக்குகள் மிதக்கும்.

அடுத்த கேள்வி: கொதிக்க வைத்தால் போகிற கடினத்தன்மையா, போகாததா? பத்து நிமிடம் நன்றாகக் கொதிக்க வைத்து, ஆறவிட்டு, மேலாக வடித்து, அதே சோப்புச் சோதனையைச் செய்யுங்கள். இப்போது நுரைத்தால் உங்கள் தண்ணீரில் இருப்பது பைகார்பனேட். அப்போதும் நுரைக்கவில்லை என்றால் சல்ஃபேட், குளோரைடு வகை. அடுப்பால் அதை ஒன்றும் செய்ய முடியாது.

பருப்பு விஷயம் சுவாரசியமானது. பருப்பின் செல்களை ஒன்றோடொன்று ஒட்டி வைத்திருக்கும் பெக்டின் என்ற பசையைக் கால்சியம் இன்னும் இறுக்கிவிடுகிறது. எத்தனை விசில் விட்டாலும் பருப்பு முழித்துக்கொண்டு கிடப்பது அதனால்தான். "என்கிட்ட உன் பருப்பு வேகாது" என்று முதலில் சொன்னவர் வீட்டுக் கிணறு எப்படிப்பட்டதோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. பருப்புக்கு மட்டும் கொதித்து வடித்த தண்ணீரை ஊற்றுங்கள், அல்லது ஒரு சிட்டிகை சமையல் சோடா போடுங்கள். புளித்தண்ணீரைப் பருப்பு மசிந்த பிறகு சேருங்கள். முன்னாலேயே சேர்த்தால் அதுவும் வேகவிடாது. பால் ஊற்றாத டீயின் மேல் பளபளவென்று ஒரு ஆடை மிதந்தால் அதுவும் இதே கூட்டம்தான். இரண்டு சொட்டு எலுமிச்சை விட்டால் காணாமல் போகும்.

பொருக்கை எடுக்க, பிழிந்த எலுமிச்சைத் தோலோ புளிக்கரைசலோ வினிகரோ போட்டுக் கொஞ்ச நேரம் சூடாக்குங்கள். போட்டதும் பொங்கி நுரைத்தால் அது கார்பனேட், இலகுவாக வந்துவிடும். அசையவே இல்லை என்றால் சல்ஃபேட்டோ சிலிக்காவோ கலந்திருக்கிறது. கை வலிக்கத் தேய்க்க வேண்டியதுதான்.

"கிட்னியில கல்லு வருமா சார்?" இந்தக் கேள்வி கேட்காத ஆளே இல்லை. கெட்டிலில் கல், உடம்பிலும் கல் என்று மனசு முடிச்சுப் போட்டுவிடுகிறது. உலக சுகாதார நிறுவனம் கடினத்தன்மைக்கு உடல்நலம் சார்ந்த வரம்பு எதையும் வைக்கவில்லை. தண்ணீரே போதுமான அளவு குடிக்காமல் வெயிலில் அலைவதுதான் கல்லுக்கு இன்னும் பெரிய காரணம். ஐ.எஸ். 10500-இல் கடினத்தன்மைக்கு உள்ள 200 (ஏற்கத்தக்கது), 600 (அதிகபட்சம்) மி.கி. என்ற வரம்புகள் (கால்சியம் கார்பனேட்டாகக் கணக்கிட்டு) பெரும்பாலும் பாத்திரம், குழாய், சோப்பு சம்பந்தப்பட்ட தொல்லைக்காக.

மொத்த வீட்டுக்கும் சாஃப்ட்னர் போட்டவர்கள் இன்னொரு புகாரோடு வருவார்கள்: "ஐம்பதாயிரம் செலவு பண்ணினேன், டி.டி.எஸ். இறங்கவே இல்லை." இறங்காது. சாஃப்ட்னர் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு அந்த இடத்தில் சோடியத்தை அனுப்புகிறது. 100 மி.கி. கடினத்தன்மை போனால் சுமார் 46 மி.கி. சோடியம் வரும். துணி துவைக்க, குளிக்க அருமை. ரத்தக் கொதிப்பு இருப்பவர்கள் உள்ள வீட்டில் அந்தத் தண்ணீரைக் குடிப்பதற்கு வைக்காதீர்கள். குடிநீர்க் குழாய்க்குத் தனி இணைப்பு விட்டுவிடுங்கள்.

## பிடிக்கும்போது பளிங்கு, விடிந்தால் செம்மண்

ஒரு அம்மா பழைய எண்ணெய் பாட்டிலைக் கழுவித் தண்ணீர் கொண்டுவந்திருந்தார். மேசையில் வைத்ததும் அவருக்கே தூக்கிவாரிப் போட்டது. பாட்டில் முழுக்கப் பழுப்பு மூட்டம். "பஸ்ஸுல வர்றதுக்குள்ள நிறம் மாறிடுச்சு தம்பி. மோட்டார்ல பிடிக்கிறப்ப கண்ணாடி மாதிரி இருந்துச்சு. சத்தியமா வேற தண்ணி இல்ல" என்றார். அவர் சொன்னதிலேயே பரிசோதனை முடிந்துவிட்டது. இரும்பு.

ஆழத்தில் காற்று இல்லாத இடத்தில் இரும்பு நிறமில்லாமல் கரைந்தே இருக்கும். மேலே வந்து காற்றுப்பட்டதும் துருவாக மாறி வெளியே வருகிறது. லிட்டருக்கு 0.3 மி.கி.யைத் தாண்டினாலே வெள்ளைத் துணியிலும் டைல்ஸிலும் கறை தெரிய ஆரம்பிக்கும். டீ கறுத்து மை போலாகும். இரும்பும் தேயிலையின் டானினும் சேர்ந்த நிறம் அது. அந்தக் காலத்தில் கடுக்காயையும் இரும்பையும் சேர்த்து எழுதுகிற மை காய்ச்சியதும் இதே வேதியியல்தான். நாட்டு மருந்துக் கடையில் கடுக்காய்ப் பொடி வாங்கி, ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு சிட்டிகை கலக்கி வைத்தாலே போதும். கொஞ்ச நேரத்தில் நீலமும் கறுப்புமாக இருண்டால் இரும்பு இருக்கிறது. மஞ்சளாகவே கிடந்தால் இரும்பு பெரிதாக இல்லை.

குழாய் துருவா, பூமியிலிருந்து வரும் இரும்பா என்று பிரித்துப் பார்க்க, மோட்டார் வாயில் நேரடியாகப் பிடியுங்கள். அங்கே தெளிவாக இருந்து பிறகு பழுத்தால் கரைந்த இரும்பு. மோட்டார் வாயில் தெளிவாக இருந்து மறுநாளும் தெளிவாகவே நிற்க, வீட்டுக் குழாயில் மட்டும், அதுவும் காலையில் முதல் இரண்டு வாளி மட்டும் பழுப்பாக வந்தால், பழைய இரும்புக் குழாய்தான் குற்றவாளி. பழுப்புக்குப் பதில் கறுப்பாகத் தொட்டியில் வழவழவென்று ஒட்டினால் மாங்கனீசையும் சந்தேகப்படுங்கள்.

தீர்வுக்குப் பெரிய இயந்திரம் வேண்டாம். மாடித் தொட்டிக்குள் தண்ணீர் ஒரே தாரையாக விழாமல், ஷவர் போலத் துளித்துளியாக உயரத்திலிருந்து விழும்படி செய்யுங்கள். காற்றுப்பட்ட இரும்பு ராத்திரிக்குள் அடியில் தங்கிவிடும். குழாய் இணைப்பு அடிமட்டத்திலிருந்து ஒரு சாண் மேலே இருக்கட்டும், முடிந்தால் ஒரு மணல் வடிகட்டி. தேத்தாங்கொட்டையை இழைத்துவிட்டால் தெளியுமா என்று கிராமத்துப் பெரியவர்கள் கேட்பார்கள். தேத்தாங்கொட்டை மிதக்கிற மண்ணைத் திரட்டிக் கீழே இறக்கும், கரைந்திருப்பதைத் தொடாது. துருவாக வெளியே வந்த பிறகு வேண்டுமானால் அதற்கு வேலை உண்டு. இரும்புள்ள தண்ணீரை நேராக ஆர்.ஓ. இயந்திரத்துக்குள் மட்டும் விடாதீர்கள், உப்பை வடிகட்டும் அதன் சவ்வு அடைத்துப்போகும். கறை பிடித்த துணிக்கு பிளீச்சிங் பவுடரும் போடாதீர்கள். கறை இன்னும் கெட்டியாக ஒட்டும். எலுமிச்சைச் சாறும் உப்பும் தேய்த்து வெயிலில் போட்டால் வரும்.

## பால் போல வெள்ளையாக வருகிறது

கண்ணாடி டம்ளரில் பிடித்து ஒரு நிமிடம் பாருங்கள். கீழிருந்து மேலாகத் தெளிந்துகொண்டே வந்தால் அது காற்று. குழாயின் அழுத்தத்தில் கரைந்திருந்த காற்று வெளியே வந்ததும் குமிழியாகிறது. சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி. பயமே வேண்டாம். மேலிருந்து கீழாகத் தெளிந்து அடியில் ஏதாவது தங்கினால் அது மண் அல்லது சுண்ணாம்பு. ராத்திரி வைத்த டம்ளரின் உள்பக்கம் காலையில் முத்து முத்தாகக் குமிழி ஒட்டியிருப்பதும் இந்தக் காற்றுதான். கொதித்து ஆறிய தண்ணீர் செத்த தண்ணீர் போலிருப்பதற்கு ஒரு காரணம் அதில் இந்தக் காற்று போய்விடுவது. இரண்டு பாத்திரத்துக்கிடையே நாலு தடவை ஆற்றி, மண்பானையில் ஊற்றினால் உயிர் வந்துவிடும்.

## வாசனை

அழுகிய முட்டை நாற்றம் என்றால் ஹைட்ரஜன் சல்ஃபைடு. வெந்நீரில் மட்டும் வந்தால் கீசரைப் பாருங்கள். உள்ளே இருக்கும் மக்னீசியம் கம்பியும் சல்ஃபேட்டைத் தின்னும் பாக்டீரியாவும் சேர்ந்து செய்கிற வேலை. கீசரை நல்ல சூட்டில் ஓடவிட்டு, முழுக்க வடித்துவிட்டால் பெரும்பாலும் சரியாகும். பச்சைத் தண்ணீரிலும் வந்தால் ஆழ்துளைக் கிணற்றுக்கே குளோரின் போட வேண்டும். ஒரு குழாயடியில் மட்டும் வந்தால் தண்ணீரைத் திட்டாதீர்கள். டம்ளரை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய் முகர்ந்து பாருங்கள். நாற்றம் வரவில்லையா? சிங்க் சாக்கடைதான்.

குளோரின் வாசனையைப் பற்றி அதிகம் புலம்புகிறார்கள். எனக்கு அது பிடிக்கும் என்றே சொல்வேன். குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 மி.கி. குளோரின் மிச்சம் இருந்தால்தான் வழியில் எங்காவது சாக்கடை கசிந்திருந்தாலும் நமக்குக் காவல். வாசனை பிடிக்காவிட்டால் அகன்ற பாத்திரத்தில் சில மணி நேரம் திறந்து வையுங்கள், போய்விடும். ஆனால் காவலும் கூடவே போகிறது, ஆகவே அப்புறம் மூடி வைத்து அன்றைக்கே தீர்த்துவிடுங்கள்.

கோடையில் ஏரித் தண்ணீர் மண் வாசனை, பாசி வாசனை அடித்தால் அது ஜியோஸ்மின் போன்ற பொருள்கள்; பாசியும் நுண்ணுயிர்களும் விடுபவை. லிட்டருக்கு பத்து நானோகிராம் இருந்தாலே நம் மூக்கு கண்டுபிடித்துவிடும். டி.டி.எஸ். பேனாவுக்கு ஏழு ஜென்மம் எடுத்தாலும் தெரியாது. கார்பன் வடிகட்டி போதும்.

## கரிக்கிறது

உப்புக் கரிப்பு என்றால் குளோரைடும் சோடியமும். ஏற்கத்தக்க அளவு குளோரைடுக்கு 250 மி.கி.; அதற்கு மேல் நாக்குக்கே தெரிய ஆரம்பிக்கும். கடற்கரைப் பகுதியில் இருந்தால் கணக்கு எளிது. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 19,000 மி.கி. குளோரைடு. தொண்ணூற்றெட்டு குடம் நல்ல தண்ணீரில் இரண்டே குடம் கடல்நீர் கலந்தாலும் 380 மி.கி. ஏறிவிடும். சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பக்கம் நடந்தது இதுதான். நிலத்தடி நீரை உறிஞ்சிக்கொண்டே போனதில், காலியான இடத்துக்குக் கடல் உள்ளே வந்தது. அதே மீஞ்சூரில் 2010-இல் நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் குடிநீர் தரும் கடல்நீர் சுத்திகரிப்பு ஆலை வந்தது வேறு விஷயம்.

வீட்டில் கவனிக்க வேண்டியது: கரிப்பு பருவத்தோடு மாறுகிறதா? மழைக்குப் பின் குறைந்து சித்திரையில் கூடினால், போரை இன்னும் ஆழமாக்குவது கடலை இன்னும் அருகில் கூப்பிடுவதாகத்தான் முடியும். மழைநீரைக் கிணற்றுக்குள் விடுங்கள். 2003-இல் தமிழ்நாட்டில் கட்டாயமாக்கியபோது கட்டிய தொட்டி பல வீடுகளில் இலையும் பிளாஸ்டிக்குமாக அடைந்து கிடக்கிறது, அதை முதலில் தூர்வாருங்கள். கடலே இல்லாத ஊரில் திடீரென்று கரிக்க ஆரம்பித்தால் எனக்கு வேறு பயம் வரும். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

கரிக்காமல் கசந்தால், கூடவே வெளியூர் விருந்தாளிக்கு மட்டும் வயிறு இளகினால், மக்னீசியம் சல்ஃபேட். பேதி உப்பு என்று மருந்துக் கடையில் விற்பது அதுதானே. வீட்டுக்காரர்களுக்குப் பழகிவிட்டிருக்கும்.

## சோறு மஞ்சளாகிறது

நல்ல அரிசிதான், கழுவியும் போட்டாயிற்று, ஆனாலும் சோறு பழைய காகித நிறத்தில் வருகிறது. அரிசிக் கடைக்காரரோடு சண்டைக்குப் போகுமுன் உலையில் அரை மூடி எலுமிச்சை பிழிந்து ஒருதரம் வடித்துப் பாருங்கள். வெள்ளையாக வந்தால் உங்கள் தண்ணீர் காரத்தன்மை கொண்டது, சோடியம் பைகார்பனேட் அதிகம். அரிசியில் உள்ள சில நிறமிகள் காரத்தில் மஞ்சளாகும்.

இது தன்னளவில் பெரிய கெடுதல் இல்லை. இந்தத் தண்ணீரில் சோப்பும் நன்றாக நுரைக்கும், பாத்திரத்தில் அவ்வளவாகப் படியாது, வாயிலும் மெதுவாக இருக்கும். "எங்க போர் தண்ணி தேன் மாதிரி சார்" என்பார்கள். எனக்கு வயிற்றைக் கலக்குவது அங்கேதான். கால்சியம் அதிகமுள்ள தண்ணீரில் ஃப்ளோரைடு ஓரளவுக்கு மேல் கரைந்து நிற்க முடியாது, கால்சியம் அதைப் பிடித்துக்கொள்ளும். கால்சியம் குறைந்து காரம் கூடிய தண்ணீரில் ஃப்ளோரைடுக்குத் தடை கிடையாது. ஆக, மஞ்சள் சோறும் நல்ல நுரையும் சேர்ந்து வந்தால், அதுவும் கருங்கல் பாறையில் தோண்டிய ஆழமான போர் என்றால், அடுத்த வாரமே ஃப்ளோரைடு பார்த்துவிடுங்கள்.

## ஆர்.ஓ. தண்ணீர் சப்பென்று இருக்கிறது

அதிகமாக வடிகட்டுகிறீர்கள். சவ்வு கரைந்த உப்பில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் எடுத்துவிடும். கரியமில வாயுவை மட்டும் தடுக்காது. அதனால் வரும் தண்ணீர் சுவையற்றும் லேசான அமிலமாகவும் இருக்கும். குழாய்க்குக் கீழே சிங்க்கில் நீலப்பச்சைக் கறை தெரிந்தாலோ, செம்புக் குடத்தில் ஊற்றி வைத்த தண்ணீர் உலோக வாடை அடித்தாலோ, அந்த அமிலம் செம்பைக் கரைக்கிறது. செம்புக் குடத்தில் எலுமிச்சைச் சாறு, மோர் இவற்றை எப்போதும் வைக்கக் கூடாது என்று பாட்டிகள் சொன்னதும் இதனால்தான்.

ஆட்கள் வந்து திருகித் தரும் டி.டி.எஸ். கட்டுப்பாட்டுத் திருகு என்ன செய்கிறது தெரியுமா? சவ்வு வழியாகப் போகாத தண்ணீரைக் கொஞ்சம் கொண்டுவந்து கலக்கிறது. உங்கள் தண்ணீரில் சுண்ணாம்பு மட்டும் இருந்தால் சரி. ஃப்ளோரைடோ நைட்ரேட்டோ இருந்தால், அதைத் தள்ளுவதற்காகத்தான் இயந்திரமே வாங்கினீர்கள், அதையே திருப்பி ஊற்றிக்கொள்கிறீர்கள். அப்படிப்பட்ட வீட்டில் திருகை முழுக்க மூடிவிட்டுத் தாது சேர்க்கும் குப்பியை வையுங்கள். திருகு மூடிய நிலையில், உள்ளே போவது 800, வெளியே வருவது 60 என்று இருந்தது ஒருநாள் 200 ஆகிவிட்டால் சவ்வு போய்விட்டது. பேனா மீட்டர் உண்மையில் உதவும் இடம் இது ஒன்றுதான்.

ஐந்நூறுக்குக் கீழே இருக்கும் ஆற்றுத் தண்ணீருக்கு, பெயர்போன சிறுவாணித் தண்ணீருக்குக்கூட ஆர்.ஓ. மாட்டுகிற வீடுகள் இருக்கின்றன. 2019-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் ஐந்நூறுக்குக் குறைந்த இடங்களில் ஆர்.ஓ.வைத் தடை செய்யச் சொன்னது, ஒரு லிட்டருக்குப் பல லிட்டர் கழிவாகப் போவதைப் பார்த்துத்தான்.

## ஒரு அறிகுறியும் இல்லை

தெளிவு, வாசனையில்லை, சுவை நன்று, பேனாவும் 400 காட்டுகிறது. கவனமாக இருக்க வேண்டியது இங்கேதான்.

ஃப்ளோரைடின் அறிகுறி தண்ணீரில் தெரியாது, பிள்ளைகளின் பல்லில் தெரியும். எட்டு வயதுக்குள், பற்களின் மேல்பூச்சு உருவாகும் காலத்தில் அதிக ஃப்ளோரைடு உள்ளே போனால், முளைக்கிற நிலைப் பற்களில் சுண்ணாம்பு போன்ற வெள்ளைக் கோடுகள், அதிகமானால் குறுக்கே பழுப்புப் பட்டைகள். தேய்த்தால் போகாது. வெற்றிலைக் கறையோ பீடிக் கறையோ பெரியவர்களுக்கு ஈறு ஓரமாகப் படியும். இது பல்லின் உள்ளேயே இருக்கும், இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே மாதிரி. வீட்டில் ஒரு பிள்ளைக்கு மட்டும் என்றால் வேறு காரணம் இருக்கலாம், தெருவே அப்படியென்றால் தண்ணீர்தான். வருஷக்கணக்கில் அதிக அளவு குடித்தால் எலும்பும் மூட்டும் இறுகும். ஏற்கத்தக்க அளவு 1 மி.கி., அதிகபட்சம் 1.5. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு இதற்காகவே ஒகேனக்கல்லிலிருந்து காவிரித் தண்ணீர் கொண்டுவரும் கூட்டுக்குடிநீர்த் திட்டம் போட்டு, 2013-இல் தொடங்கினார்கள். குழாயில் ஆற்றுத் தண்ணீர் வந்தும் "போர் தண்ணிதான் ருசி" என்று சமையலுக்கு மட்டும் போரிலிருந்து எடுக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். சோற்றோடும் குழம்போடும் உள்ளே போவதும் அதே ஃப்ளோரைடுதான்.

கொதிக்க வைத்தால்? கிருமி சாகும். ஃப்ளோரைடும் நைட்ரேட்டும் ஆவியாகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்தி கூடத்தான் செய்யும். இதைச் சொல்லும்போதெல்லாம் எதிரே இருப்பவர் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். காய்ச்சிவிட்டோம், இனி பயமில்லை என்று இருந்திருப்பார்.

நைட்ரேட்டுக்கு வரம்பு 45 மி.கி., அதற்கு மேல் தளர்வே கிடையாது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குப் பால் மாவு கரைத்துக் கொடுக்கும் வீடென்றால் இன்றைக்கே பாருங்கள். குழந்தையின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போய் உதடும் நகமும் நீலம் பாரிக்கும். அப்படித் தெரிந்தால் உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டும். நைட்ரேட் உரம் போட்ட வயலிலிருந்து வரலாம், கழிவுநீர்த் தொட்டியிலிருந்தும் வரலாம். முன்னே பாதியில் விட்ட பயம் இதுதான்: கடலில்லாத ஊரில் கிணறு திடீரென்று கரிக்கிறது, பரிசோதித்தால் குளோரைடும் நைட்ரேட்டும் சேர்ந்தே ஏறியிருக்கிறது என்றால், பக்கத்தில் யாருடைய கழிவுநீர்த் தொட்டியோ கிணற்றோடு பேச ஆரம்பித்துவிட்டது. அப்போது கிருமிப் பரிசோதனையும் சேர்த்துச் செய்யச் சொல்லுங்கள், முடிவு வரும்வரை அந்தத் தண்ணீரைக் குடிக்காதீர்கள்.

ஈயத்துக்கும் ஆர்செனிக்குக்கும் ருசி, நிறம் எதுவும் கிடையாது. பழைய பித்தளைக் குழாயும் பற்றவைப்பும் உள்ள வீட்டில் ராத்திரி முழுக்கத் தேங்கிய முதல் தண்ணீரைக் குடிக்காமல் பாத்திரம் கழுவ விடுங்கள்.

## பாட்டிலில் பிடிப்பது

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டந்தோறும் ஆய்வகம் உண்டு. கட்டணம் கட்டிக் கொடுக்கலாம். மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, இரண்டு லிட்டர் புதுத் தண்ணீர் பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று தடவை அலசி, காற்று இடமில்லாமல் கழுத்து வரை நிரப்பி மூடுங்கள். எண்ணெய் பாட்டில், கூல்டிரிங்ஸ் பாட்டில் வேண்டாம். கிருமிப் பரிசோதனைக்கு ஆய்வகமே கிருமி நீக்கிய பாட்டில் தரும், அதை அலசக் கூடாது, அன்றைக்கே கொண்டுவர வேண்டும். பாட்டிலின் மேல் இடம், தேதி, போரின் ஆழம், தொட்டியிலிருந்து பிடித்ததா மோட்டாரிலிருந்தா என்பதை எழுதி ஒட்டுங்கள். பிடிக்கும்போது இருந்த நிறத்தையும் எழுதுங்கள், பஸ்ஸில் வருவதற்குள் மாறினாலும் மாறும்.

மே மாதம் ஒருதரம், மழை ஓய்ந்து தையில் ஒருதரம் பார்த்தால் நல்லது. அறிக்கை கைக்கு வந்ததும் எல்லோரும் டி.டி.எஸ். வரிக்குத்தான் முதலில் போவார்கள். நீங்கள் கீழே இறங்கி ஃப்ளோரைடு, நைட்ரேட் என்று இருக்கும் இரண்டு வரியைப் படித்துவிட்டு அப்புறம் மேலே வாருங்கள்.